மருந்துப் புத்தகங்களை எப்படி வாசிப்பது?

(தோட்ட வாசிகசாலையில் மாதர் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்முடைய வாசிகசாலையில் இப்போது அதிகம் கைமாறுவது கதைப் புத்தகம் இல்லை, இயற்கை வைத்தியப் புத்தகம். காரணம் நமக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும், பஸ்ஸுக்கும் காசு வேண்டும். வீட்டிலேயே குணமாக்கலாம் என்று ஒரு புத்தகம் சொன்னால் நம்பத்தான் மனம் வரும்.

அவற்றில் நல்லதும் உண்டு. வல்லாரை, முருங்கைக் கீரை சாப்பிடச் சொன்னால் தாராளமாகச் சாப்பிடுவோம். ஆனால் சீனி வியாதிக்குக் குளிசையை நிறுத்திவிட்டு, வெறும் வயிற்றில் காமரங்காச் சாறு குடிக்கச் சொன்னால் புத்தகத்தை மூடிவிட வேண்டும். காமரங்காயிலும் பிலிங்காயிலும் ஒக்சலேட் என்ற பொருள் மிகுதி. சாறாகக் குடிக்கும்போது அது சிறுநீரகத்தில் படிந்து அதைப் பழுதாக்கக்கூடும். ஏற்கனவே சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு ஆபத்து இன்னும் கூட. அப்படி வந்த நோயாளிகளைப் பற்றி நம் நாட்டு வைத்தியர்களே எழுதியிருக்கிறார்கள். மரத்தில் காய்த்தது என்பதால் கேடு செய்யாது என்று எண்ணக்கூடாது. அரளியும் மரத்தில்தான் காய்க்கிறது.

அப்படியென்றால் எந்தப் புத்தகத்தை நம்புவது? டேவிட் வேர்னர் எழுதிய ஒன்றைச் சொல்கிறோம். 'டொக்டர் இல்லாத இடத்தில்' என்பது அதன் பெயரின் பொருள். அவர் டொக்டர் அல்ல, உயிரியல் படித்தவர். மெக்சிகோவின் மலைக் கிராமங்களில் ஏழை விவசாயிகளோடு வேலை செய்து முதலில் ஸ்பானிய மொழியில் எழுதினார். 1977இல் ஆங்கிலத்தில் வந்தது. பிறகு பல மொழிகளுக்குப் போனது. கைமருந்தை அவர் கேலி செய்யவில்லை, சோதித்துப் பார்க்கச் சொல்கிறார். ஒரே வியாதிக்கு ஆளுக்கொரு மருந்து சொன்னால், அவற்றில் ஒன்றும் வேலை செய்யாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம் என்கிறார். சளிக்கு நம் லயத்தில் எத்தனை மருந்து இருக்கிறது, எண்ணிப் பாருங்கள்!

ஊசி போட்டால்தான் சுகம் என்ற எண்ணத்தையும் அவர் விடுவதில்லை. வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்கு முதலில் வேண்டியது ஊசி இல்லை, தண்ணீர். ஜீவனி பக்கெட் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லீட்டர் தண்ணீரில் 6 மட்டத் தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது. பிள்ளை சோர்ந்து, கண் குழிந்து, குடிக்க முடியாமல் போனால் உடனே ஆஸ்பத்திரி. எப்போது வீட்டு வைத்தியத்தை நிறுத்த வேண்டும் என்று சொல்லித் தருகிற புத்தகமே நமக்கு உதவுகிற புத்தகம்.

இன்னொன்று, நாம் பறிக்கும் கொழுந்தைப் பற்றியது. ரொட்டியோடு சாயத் தண்ணி குடிப்பது நம் வழக்கம். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள், சாப்பாட்டிலும் குளிசையிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் இரும்புக் குளிசை வாங்கும் தாய்மார் அதைத் தேத்தண்ணியோடு விழுங்க வேண்டாம். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் போன பிறகு தேத்தண்ணி குடிக்கலாம். சாப்பாட்டோடு தேசிக்காயோ கொய்யாவோ சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும். செலவில்லாத வேலை இது.

ஆனால் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் நிறையத் தண்ணீர் குடி என்று இருக்கிறது. எழுதியவருக்கு நம் மலை தெரியாது. காலையில் கொழுந்துக்கு ஏறினால் ஒதுங்க இடமில்லை என்று பயந்து நம் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. நாள் முழுக்க அடக்கி வைக்கிறார்கள். பிறகு நீர்க்கடுப்பு, காய்ச்சல், இடுப்பு வலி. இதற்குக் கஷாயம் சொல்லித் தருகிற புத்தகங்கள் ஏராளம். மலையில் கழிவறை கட்டித் தருவது நிர்வாகத்தின் வேலை. அதைக் கேட்பது சங்கத்தின் வேலை.

அதற்கான மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. ஒவ்வொரு மலையிலும் எந்த இடத்தில் கழிவறை வேண்டும் என்று அங்கே வேலை செய்கிற நீங்களே எழுதிவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.