தொட்டிலை யார் ஆட்டுவது?

(தோட்டக் கமிட்டியும் மாதர் பிரிவும் சேர்ந்து நடத்திய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசுவோம் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அதைத் தலைவர் பேசுவார். நாங்கள் இன்று பேச வந்தது தொட்டிலைப் பற்றி. இது பொம்பளைகள் விஷயம் என்று நினைத்து வெளியே போகப் பார்க்கிற அண்ணன்மாரும் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

முதலில் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறோம். எங்களுக்கு நாலு பிள்ளைகள். மூத்தவளுக்குப் பத்து வயது, ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். அடுத்தவனுக்கு ஏழு. மூன்றாமவளுக்கு நாலு. கடைக்குட்டிக்கு இப்போது ஐந்து மாதம். எங்கள் இருவரில் ஒருவர் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர், மற்றவர் மலையில் கொழுந்து எடுக்கிறவர். வாத்தியார் வீடு என்று பேர்தான். இருப்பது உங்களைப் போல லயத்தில். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்று, முன்னால் ஒரு ஸ்தோப்பு. அடுப்பு எரிந்தால் புகை தொட்டிலுக்குத்தான் போகும்.

காலை நாலரைக்கு எழும்ப வேண்டும். ஒருவர் பீலிக்குப் போனால் ஒருவர் அடுப்பு மூட்ட வேண்டும். ரொட்டி சுட வேண்டும், சம்பல் இடிக்க வேண்டும். ஏழு வயதுக்காரனுக்கு ஒரு சப்பாத்து கிடைக்கும், மற்றது கிடைக்காது. தம்பி பிறந்த நாளிலிருந்து நாலு வயதுக்காரி தனக்கும் தொட்டில் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். ஒரு நாள் தம்பியைப் பாயில் இறக்கி விட்டுத் தொட்டிலில் அவள் ஏறிப் படுத்திருந்தாள். இதையெல்லாம் கேட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள், நாங்களும் சிரித்தோம். பிள்ளைகள் நிறைந்த வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை. பெரட்டுக்கு நேரமாகும் வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு.

இங்கே ஒரு கணக்குப் பார்ப்போம். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு.

பிறந்த பிள்ளைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்று மருத்துவிச்சி மிஸ்ஸி சொல்கிறார். அது சரி. ஆறு மாதம் என்றால் ஏறக்குறைய 180 நாள். சட்டப்படி எங்கள் தாய்மாருக்குக் கிடைக்கும் பிரசவ லீவு 12 கிழமை, அதாவது 84 நாள். அதில் இரண்டு கிழமை பிரசவத்துக்கு முன்னாலேயே போய்விடும். பிள்ளை பிறந்த பிறகு மிஞ்சுவது 70 நாள். 180இல் 70 போனால் மிச்சம் 110.

அந்த 110 நாளும் பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும்தான் வேண்டும். தாயோ மலையில் இருக்கிறாள். இந்த 110 நாளை யார் சுமப்பது? இதைத்தான் இன்று கேட்க வந்தோம்.

அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற ஆசிரியைக்கும் 84 நாள்தான். ஆனால் அது 84 வேலை நாள். சனி, ஞாயிறு, போயா அதில் சேராது. வேண்டுமானால் அதற்குப் பிறகு அரைச் சம்பளத்திலும் லீவு எடுக்கலாம். கொழுந்து எடுக்கிற தாயின் 84 நாளில் ஞாயிறும் போயாவும் தீபாவளியும் எல்லாம் அடக்கம். ஆசிரியைக்குக் கிடைப்பதைக் குறைக்கச் சொல்லவில்லை. அவருக்கு அது வேண்டும். மலையில் கூடை தூக்குகிற உடம்பும் அதே பச்சை உடம்புதானே என்று கேட்கிறோம்.

இந்த 84 நாளும்கூட எல்லோருக்கும் இருக்கவில்லை. இரண்டு பிள்ளை உயிரோடு இருந்தால், மூன்றாவது பிள்ளையிலிருந்து 42 நாள்தான் என்று முன்பு சட்டம் இருந்தது. பிள்ளை கூடக் கூட வீட்டில் வேலை கூடும். லீவு மட்டும் பாதியாகும். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகுதான் எத்தனையாவது பிள்ளையாக இருந்தாலும் 84 நாள் என்றானது. இன்றைக்கும் சிலர், “எனக்கு இது மூணாவது, எனக்கு ஆறு கிழமைதான்” என்று நினைத்துக் கொண்டு பெரட்டுக்குப் போகிறார்கள். அப்படிப் போகாதீர்கள். பக்கத்துக் காம்பராவில் யாராவது அப்படிச் சொன்னால், திருத்திச் சொல்லுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் நடந்ததற்கு வருகிறோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இந்தச் சபையில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

லீவு முடிந்ததும் அடுத்த டிவிசனில் இருந்து அம்மாயி வந்தார். ஒரு மாதம் பிள்ளையைப் பார்த்தார். பிறகு அவருக்கே நெஞ்சுச் சளி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போனார். பெரட்டு ஏழு மணிக்கு. பிள்ளை மடுவம் திறப்பது ஏழரைக்கு. அங்கே இருக்கும் ஆயம்மா ஒரே ஆள். ஓடுகிற, விழுகிற பிள்ளைகள் பதினெட்டு அவர் கையில். “கைக்குழந்தைய எங்க வைப்பேன், ஆறு மாசம் ஆகட்டும்” என்றார். அவரைக் குறை சொல்ல முடியுமா?

அன்று காலையில் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு இருவரும் மூத்தவளைப் பார்த்தோம். எங்களில் யாரும் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அவளே பள்ளிப் பையைக் கொக்கியில் மாட்டி விட்டுத் தம்பியைத் தூக்கிக் கொண்டாள். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்று நினைத்தோம். அந்த ஒரு நாள் பதினொரு நாளானது.

எத்தனை வருசமாக நாங்கள் லயம் லயமாக ஏறி இறங்கியிருக்கிறோம். “அக்கா, பிள்ளைய நிப்பாட்டாதீங்க, அஞ்சு வயசிலிருந்து பதினாறு வயசு வரைக்கும் கட்டாயக் கல்வின்னு சட்டம் இருக்கு” என்று எத்தனை ஸ்தோப்பில் உட்கார்ந்து பேசியிருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் வராத பிள்ளையைப் பார்த்தாலே எங்களுக்குக் காரணம் தெரியும். தம்பி பிறந்திருப்பான், அல்லது தங்கை பிறந்திருப்பாள். நிற்கிற பிள்ளை பெரும்பாலும் பொம்பளைப் பிள்ளையாகத்தான் இருக்கும். அப்படிப் பேசித் திரிந்த எங்கள் கையாலேயே எங்கள் மகளின் பெயருக்கு நேரே பதினொரு சைபர் போட்டோம்.

பதினோராம் நாள் பின்னேரம் அவள் கேட்டாள்: “அப்பா, இன்னிக்கும் எனக்குச் சைபர்தானா?” கோபத்தில் கேட்கவில்லை. தம்பியைத் தோளில் போட்டுத் தட்டிக் கொண்டே, சாதாரணமாகத்தான் கேட்டாள். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்று இரவுதான் நாங்கள் கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து பேசினோம். எங்களில் கொழுந்து எடுக்கிறவர் கேட்டார்: “பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடுது. ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து பேப்பர் பாக்கிறீங்க. நான் நாலரைக்குக் கூடைய எறக்கி, நிறுத்து, அஞ்சு மணிக்கு வாறன். அந்த மூணு மணி நேரம் பிள்ள யார் கையில இருக்கு?”

மூத்தவள் கையில்தான் இருந்தது. பேப்பர் பார்த்துக் கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எங்களுக்கு, அது வேலை என்று தெரியவில்லை.

அண்ணன்மாரே, இது வாத்தியார் வீட்டில் மட்டும் நடக்கிற கதையா? கவ்வாத்து, புல்லு வெட்டு, மருந்தடி என்று கணக்கு வேலைக்குப் போகிற ஆம்பிளைகள் பலர், கணக்கை முடித்து விட்டுப் பகலோடு வீட்டுக்கு வந்து விடுகிறோம். பொம்பளைகள் பின்னேரம் வரை மலையில் நிற்கிறார்கள். வீட்டுக்கு வந்த நாங்கள் எங்கே இருக்கிறோம்? கடை வாசலில், கரம் போட்டைச் சுற்றி. அதே நேரம் பத்து வயதுப் பிள்ளை இடுப்பில் தம்பியோடு விறகு பொறுக்குகிறது. வேலை கஷ்டம்தான், உடம்பு வலிக்கும்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பால் கொடுப்பது ஒன்றைத் தவிர, கைக்குழந்தைக்குச் செய்ய வேண்டியது எதையும் ஆம்பிளைக் கை செய்ய முடியாதென்றில்லை. குளிப்பாட்டலாம், துணி கசக்கலாம், தூங்க வைக்கலாம், கிளினிக்குக்குத் தூக்கிப் போகலாம். இரண்டு, நாலு, ஆறு மாத ஊசிக்குப் போன இடத்தில் எத்தனை அப்பாமாரைப் பார்த்தோம்? விரலை மடக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

அடுத்த நாளே மூத்தவளைப் பள்ளிக்கு அனுப்பினோம். பின்னேரப் பொழுது எங்களில் ஆசிரியரின் பொறுப்பு என்றானது. முதல் கிழமை பிள்ளை அழுத அழுகையில் லயமே கூடிவிட்டது. இப்போது பழகிவிட்டான். காலைப் பொழுதுக்கு வழி தேடினோம். எங்கள் லயத்தில் பால் குடிக்கும் பிள்ளை உள்ள வீடு மூன்று. வேலையை விட்டு நின்ற ஒரு பாட்டி இருந்தார். மூன்று வீடும் பேசி, ஒரு தொகை போட்டு, பிள்ளைகளை அவர் கையில் கொடுத்தோம். காலையில் சுத்தமான கோப்பையில் பால் எடுத்து மூடி வைத்து விட்டுப் போனால் கரண்டியால் கொடுக்கலாம் என்று மிஸ்ஸி காட்டித் தந்தார். எவ்வளவு நேரம் வைக்கலாம், எப்படி வைக்கலாம் என்பதை நீங்களும் அவரிடமே கேட்டுப் பழகுங்கள்.

ஆனால் வீட்டுக்குள் நாங்கள் மாறினால் மட்டும் போதாது. அப்படிச் சொன்னால் தோட்டத்தின் பொறுப்பைக் கழற்றி விட்டதாகும். அதனால் கமிட்டிக்கு வந்தோம்.

சட்டம் சொல்வதைக் கேளுங்கள். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தொழிலாளிக்கு, ஒன்பது மணி நேரத்துக்குள் இரண்டு முறை பாலூட்டும் இடைவேளை கொடுக்க வேண்டும். பிள்ளை மடுவம் இருந்தால் ஒவ்வொரு முறையும் அரை மணிக்குக் குறையாமல், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு மணிக்குக் குறையாமல். மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தில் இருப்பது இது. யாரும் தருகிற சலுகை இல்லை.

மலையில் நடப்பது என்ன? “போறதுன்னா போ, கிலோ குறைஞ்சா அரைப் பேர்தான்” என்கிறார்கள். அதைக் கேட்டு நெஞ்சில் பால் கட்டி, சட்டை நனைந்து, காய்ச்சலோடு கொழுந்து எடுத்த தங்கைமார் இங்கேயே இருக்கிறார்கள். இடைவேளையைக் கொடுத்து விட்டுக் கிலோவைக் குறைக்காமல் இருந்தால், கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கியதாகத்தான் அர்த்தம்.

கமிட்டி போய்ப் பேசியதில் இரண்டு காரியம் நடந்திருக்கிறது. பிள்ளை மடுவம் இப்போது பெரட்டுக்கு முன்னால், ஆறே முக்காலுக்குத் திறக்கிறது. பால் கொடுக்கும் தாய்மாருக்கு லயத்துக்குக் கிட்டிய மலை கொடுக்கிறார்கள். இரண்டு காரியம் நடக்கவில்லை. இரண்டாவது ஆயம்மா இன்னும் வரவில்லை. இடைவேளைக்கு ஏற்ப கிலோவைக் குறைக்கவும் இல்லை. அடுத்த பேச்சுக்குக் கமிட்டி போகும்போது, தலைவர்மார் மட்டும் போகாமல், பிள்ளையைத் தூக்கிக் கொண்டு தாய்மாரும் கூடப் போக வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறோம். பிள்ளை அழுதால் அழட்டும். அதுவும் பேச்சுவார்த்தைதான்.

முடிவாக மூன்று காரியம் கேட்கிறோம்.

ஒன்று, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள ஒவ்வொரு வீடும் பிள்ளை பிறந்த தேதியை மாதர் தலைவியிடம் கொடுங்கள். யாருக்கு லீவு எப்போது முடிகிறது, யாருக்கு இடைவேளை மறுக்கப்படுகிறது என்பது பேரோடும் தேதியோடும் கமிட்டியின் கையில் இருக்க வேண்டும். பேர் இல்லாமல் பேசினால், “அப்படி யாரும் இல்லையே” என்பார்கள்.

இரண்டு, ஒரு பிள்ளை மூன்று நாள் தொடர்ந்து பள்ளிக்கு வராவிட்டால் நாங்கள் வீட்டுக்கு வருவோம். ஏச வரமாட்டோம். ஏச எங்களுக்கு யோக்கியதை இல்லை என்பதை இப்போதுதான் சொல்லி முடித்தோம். காலையில் யார், பின்னேரம் யார் என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

மூன்று, அண்ணன்மாரே, தம்பிமாரே, வேலை முடிந்து வந்ததும் தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் இருங்கள். ஒரு கிழமை செய்து பாருங்கள். கரம் போட் எங்கும் ஓடிப் போகாது.

எங்கள் மூத்தவள் இப்போது ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறாள். ஆனால் அந்தப் பதினொரு நாளில்தான் வகுப்பில் பின்னம் படிப்பித்தார்கள். இன்னும் அது அவளுக்குப் பிடிபடவில்லை. இரவில் குப்பி விளக்கில் பரம்பரையாகப் படித்த நாங்கள், இன்று லைட் வெளிச்சத்தில் அவளுக்கு ஒரு ரொட்டியை வெட்டி வெட்டிக் காட்டுகிறோம். பாதி, கால், அரைக்கால். தம்பியை ஆட்டிக் கொண்டே அவள் பார்க்கிறாள். பார்த்துவிட்டு, “அப்பா, நீங்க தொட்டில ஆட்டுங்க, நான் ரொட்டிய வெட்டுறேன்” என்கிறாள். ஆட்டுகிறோம்.