மூன்று சகோதரிகளும் முப்பது டாலரும்

(ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த லாவெர்ன், மாக்சீன், பாட்டி ஆகிய ஆண்ட்ரூஸ் சகோதரிகள் மூவரும் சேர்ந்து பாடினால் ஒரே குரல் மாதிரி இருக்கும். 1937-இல் அவர்கள் பதிவு செய்த ‘பை மீர் பிஸ்து ஷேன்’ இசைத்தட்டு அமோகமாக விற்றது.

அது 1932-இல் யித்திஷ் நாடகத்துக்காக ஷோலம் செகுண்டா இசையமைத்த பாட்டு. அவரும் பாடலாசிரியரும் அதன் உரிமையை எவ்வளவுக்கு வித்தாங்க தெரியுமா? வெறும் 30 டாலர்! அதையும் இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். உரிமை திரும்பி வந்தது 1961-இல்தான்.

1945-இல் சகோதரிகளுக்குப் புகழ் தந்த ‘ரம் அண்ட் கோகோ கோலா’வும் வேறொருவர் பெயரில் வெளியானதே. டிரினிடாட் கலிப்சோ பாடகர் லார்ட் இன்வேடர் கோர்ட்டுக்குப் போய்த்தான் ஜெயித்தார்.

பாடினவங்களைக் கொண்டாடுவோம், பாட்டைத் தந்தவர்களையும் மறவாதிருப்போம்.