தலையில் அடிபட்டால் தாமதிக்காதீர்கள்
(பிலிமத்தலாவைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலையில் வழுக்கி விழுந்தோ, மரக்கிளை முறிந்து விழுந்தோ ஒருவருக்குத் தலையில் அடிபடுகிறது. ஆள் எழுந்து நடந்துவிட்டால், “தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று” என்கிறோம். தேத்தண்ணி கொடுத்து, லயத்தில் போய்ப் படுக்கச் சொல்கிறோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

மூளையை மூடியிருக்கும் மண்டையோடு 8 எலும்புகளால் ஆனது. கைக்குழந்தையின் உச்சிக்குழி மெதுவாக இருக்கும். பெரும்பாலும் ஒன்றரை வயதளவில் மூடிவிடும். பெரியவர்களுக்கு எல்லா எலும்பும் இறுகி, மூடிய பெட்டி போலாகிவிடும். அந்தப் பெட்டிதான் மூளையைக் காக்கிறது. ஆனால் உள்ளே இரத்தம் கசிந்தால் பெட்டி விரிந்து கொடுக்காது. இரத்தம் மூளையை நெருக்கும். காதுக்கு முன்னால், நெற்றிப்பொட்டில் எலும்பு மெல்லியது. அதன் உட்புறம் ஓர் இரத்தக்குழாய் ஓடுகிறது. அது கிழிந்தால், முதலில் நன்றாகப் பேசும் ஆள் சில மணித்தியாலங்களில் நினைவிழக்கலாம். வெளியே பெரிய காயம் இல்லாமலும் இது நடக்கும்.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழும்பாத தூக்கம், பேச்சுத் தடுமாற்றம், வலிப்பு, ஒரு பக்கக் கைகால் சோர்வு, காதிலோ மூக்கிலோ இரத்தம் அல்லது தண்ணீர் போல வடிதல், இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்து லொறி வரும்வரை காத்திருக்க வேண்டாம். பேராதனைப் போதனா வைத்தியசாலையும் கண்டி தேசிய வைத்தியசாலையும் நமக்குத் தூரமில்லை. காயத்தில் கோப்பித்தூள் அப்பாதீர்கள். சுத்தமான துணியால் மூடுங்கள். கழுத்தைத் திருப்பாதீர்கள். சாராயம் கொடுக்கவே கூடாது. வயதானவர்களுக்குச் சில வாரங்கள் கழித்தும் இந்த அறிகுறிகள் வரலாம். பழைய அடியை மறக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. வேலை நேரத்தில் வேலையால் ஏற்பட்ட விபத்துக்கு நட்டஈடு தரவேண்டும் என்று 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் சொல்கிறது. அது சலுகையல்ல, உரிமை. ஆனால், “வீட்டில் விழுந்தேன் என்று சொல்லு” என்று யாராவது சொல்லிக்கொடுத்து, நாமும் அப்படியே சொல்லிவிட்டால் அந்த உரிமை நம் கையை விட்டுப் போய்விடும். எங்கே, எத்தனை மணிக்கு, என்ன வேலையில் அடிபட்டது என்பதை வைத்தியசாலையில் உள்ளபடி சொல்லுங்கள். தோட்டத்திலும் பதியச் செய்யுங்கள். பார்த்தவர்களின் பெயரைக் குறித்துவையுங்கள். வைத்தியசாலைத் துண்டுகளைப் பத்திரப்படுத்தி, தோட்டத் தலைவரிடம் அறிவியுங்கள்.

அரைநாள் பேர் போனால் அடுத்த நாள் உழைத்துக்கொள்ளலாம். தலை போனால் குடும்பமே நிற்கும். அடிபட்ட தோழரை அன்றிரவு தனியே விடாதீர்கள்.