விண் கூவும் பட்டம்

மார்கழி வாடை எழுந்ததும் கொழும்புத்துறைக் கடனீரேரிக் கரையிற் பட்டங்கள் ஏறத் தொடங்கும். தைப்பொங்கலன்று வடகரை வல்வெட்டித்துறையில் அது பெருவிழாவே ஆகிவிடுகின்றது.

நேயர்களே, கடையில் வாங்கிய பட்டம் ஒரு மாலையிற் கிழிந்துபோம். பிள்ளையும் அதனை மறந்துவிடும். கையாற் கட்டியதோ பல நாள் நிற்கும். குறுக்கு மூங்கிலின் நடுவே நூல் கட்டித் தொங்கவிட்டால் கனத்த பக்கம் தாழும். அப்பக்கத்தையே சீவுதல் வேண்டும். பொறுமையிழப்பவர் பெரும்பாலும் தந்தையரே, பிள்ளைகளல்லர்!

முச்சையே பட்டத்தின் உயிர்நிலை. அதன் முடிச்சு கீழிறங்கினால் பட்டம் காற்றை மிகுதியாய் ஏற்று நூலை அறுக்கும். சற்று மேலேற்றினால் இழுவை தணியும். வால் குறைந்தாற் குத்துக்கரணந்தான்.

இனி விண். வளைத்த கோலின் இரு நுனிகளுக்கிடையே இழுத்துக் கட்டிய மெல்லிய நாடா, காற்றில் அதிர்ந்து கூவும். எவ்வளவு இறுக்குவது என்பதை ஏட்டிற் படித்தறிதல் அரிது. கைபிடித்துக் காட்டுவார் வேண்டும். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது சென்றவருள் திரும்பாதோர் பலர். அவருள் விண் கட்ட அறிந்தோரும் இருந்திருப்பர். ஆதலால், அறிந்த பாட்டனார் ஒருவர் வீட்டிலிருப்பின், இவ்வாடைக்குள்ளேயே பிள்ளையை அவரருகில் இருத்துங்கள். ஏற்றுவதற்கு மின்கம்பியில்லா வெளியைத் தேருங்கள். ஈரநூல் கம்பியிற் பட்டால் மின்சாரம் கைக்கு ஏறிவிடும்.