சட்டக் கல்வியும் கற்கும் முறையும்
(அறக்கட்டளையின் விழாவில் மாணவர்க்கு நிகழ்த்திய உரை)

 

தமிழாசிரியை ஒருத்தி சட்டப் படிப்பைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பைத் தரலாம். நான் வழக்கறிஞர் அல்லள். ஆனால் என் தம்பி மகள் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பின் முதற்பருவத்தில் இரண்டு தாள்களில் தோல்வியுற்று, விடுமுறைக்கு என் இல்லம் வந்து சேர்ந்தாள். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பள்ளியின் முதல் மாணவி அவள். "போதும் அக்கா, இவளுக்குச் சட்டம் ஒத்து வரவில்லை. ஊரோடு வந்து வேறு ஏதாவது படிக்கட்டும்" என்றான் தம்பி. அவள் ஒன்றும் பேசவில்லை. இரவில் மட்டும், "அத்தை, நான் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துதான் எழுதினேன்" என்றாள். நோய் இன்னதென்பது அச்சொல்லிலேயே விளங்கிவிட்டது.

அந்நோயில் எனக்கும் பங்குண்டு. முப்பத்து மூன்று ஆண்டுகள் வகுப்பில் நின்ற நானும், கோனார் உரையை அப்படியே ஒப்புவித்த விடைகளுக்கே மிகுதியாக மதிப்பெண் வழங்கியவள். பள்ளியில் பரிசு பெற்றுத் தந்த அப்பழக்கமே சட்டக் கல்லூரியில் அவளைக் கைவிட்டது.

மனப்பாடம் மட்டும் ஏன் உதவாது என்பதற்கு அண்மைய சான்று ஒன்று உண்டு. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 511 பிரிவுகளைக் கொண்டது. கொலைக்குத் தண்டனை கூறும் 302ஆம் பிரிவு, திரைப்படம் பார்த்தவர்க்கெல்லாம் தெரிந்த எண். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதிய சட்டம் 358 பிரிவுகளுடன் நடைமுறைக்கு வந்தது. அந்த 302 இப்பொழுது 103. எண்ணை மட்டும் கற்றவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. குற்றத்தின் உறுப்புகள் எவை, அவை ஏன் அவ்வாறு வகுக்கப்பட்டன என்று கற்றவர்க்கோ எண் மட்டுமே மாறியது.

விடுமுறையில் நானும் அவளும் ஒப்பந்தச் சட்டத்தைத் திறந்து அமர்ந்தோம். 'பேர் ஆக்ட்' எனப்படும் உரையில்லாத மூலநூலைக் கண்டதும் எனக்குப் பழைய உறவினரைச் சந்தித்தது போலிருந்தது. இலக்கண நூல்களில் நூற்பா உண்டு. சட்டத்தில் பிரிவு உண்டு. நமக்கு உரை உண்டு. அங்கே விளக்கம் உண்டு. எடுத்துக்காட்டும் உண்டு, புறனடையும் உண்டு. மூலத்தைப் பாராமல் உரையை மட்டும் படிப்பவன் இலக்கணம் கற்றவனாகான் என்று வகுப்பில் சொல்லி வந்தேன். வழிகாட்டி நூலை மட்டும் படித்துத் தேர்வெழுதும் சட்ட மாணவர்க்கும் அஃதே பொருந்தும்.

ஆகவே முதல் நெறி, பிரிவைச் சொல் சொல்லாகப் பிரித்தல். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் 10ஆம் பிரிவை எடுத்துக்கொள்வோம். தடையற்ற இசைவு, ஒப்பந்தம் செய்யும் தகுதி, சட்டத்திற்கு இயைந்த மறுபயன், சட்டத்திற்கு இயைந்த நோக்கம், செல்லாதென வெளிப்படையாக விலக்கப்படாமை என ஐந்து உறுப்புகள் அதில் உள்ளன. இவற்றை இணைப்பது 'உம்' என்பதா, 'அல்லது' என்பதா என்று பார்க்க வேண்டும். ஓர் இடைச்சொல்லில் வழக்கே மாறிவிடும்.

இரண்டாம் நெறி, தீர்ப்புகளைச் சுருக்கி எழுதுதல். 1913இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்த்த லால்மன் சுக்லா வழக்கைக் கூறுகிறேன். காணாமற்போன சிறுவனைத் தேடிவர முதலாளி தம் பணியாளரை அனுப்புகிறார். பணியாளர் சென்ற பின்னர், கண்டுபிடிப்பவர்க்கு 501 ரூபாய் பரிசு என அறிவிக்கிறார். அதனை அறியாமலே பணியாளர் சிறுவனைக் கண்டுபிடிக்கிறார். பின்னர்ப் பரிசு கேட்டு வழக்குத் தொடுக்கிறார். அவர்க்குப் பரிசு இல்லை என்பது தீர்ப்பு. முன்மொழிவை அறியாதவர் அதனை ஏற்க இயலாது. தேடுவது முன்பே அவர்க்குரிய கடமையாகவும் இருந்தது. நிகழ்ச்சி, வினா, முடிவு, காரணம் என நான்கு தலைப்புகளில் இதனை அரைப் பக்கத்தில் அடக்கலாம். அந்நான்கனுள் உயிரானது காரணமே.

மூன்றாம் நெறி, விடையெழுதும் ஒழுங்கு. தேர்வில் இப்படி ஒரு வினா வருவதாகக் கொள்வோம்: காணாமற்போன பசுவைக் கொணர்பவர்க்கு 5,000 ரூபாய் என ஒருவர் அறிவிக்கிறார். அதனை அறியாத அயலூரார் பசுவை ஒப்படைக்கிறார். அவர் பணம் கேட்கலாமா? என் மருமகள் முன்பு எழுதியவாறு, ஒப்பந்தத்தின் இலக்கணத்தை மூன்று பக்கம் எழுதினால் மதிப்பெண் வாராது. முதலில் சிக்கலைக் கூற வேண்டும்: அறியாத முன்மொழிவை ஏற்க முடியுமா? அடுத்து விதி: முன்மொழிவு, அஃது உரியவர் அறிவுக்கு எட்டும்போதே முழுமை பெறுகிறது என்னும் 4ஆம் பிரிவும், லால்மன் சுக்லா வழக்கும். அதன்பின் பொருத்தல்: அயலூரார் பணியாளர் அல்லர், எனவே கடமை என்னும் காரணம் இங்கே பொருந்தாது. எனினும் அறியாமை என்னும் காரணம் பொருந்துகிறது. இறுதியாக முடிவு: பணம் கேட்க உரிமையில்லை. ஒற்றுமையை மட்டுமன்றி வேற்றுமையையும் காட்டும் அந்தப் பொருத்தற் பகுதியே நல்ல விடையை ஏனைய விடைகளினின்றும் பிரிக்கிறது.

பவணந்தி முனிவர் நன்னூலில் மாணாக்கர் கற்கும் முறையைக் கூறுமிடத்து, கேட்டதை நினைத்தல், ஆசிரியரை அடுத்துக் கேட்டல், உடன் பயில்வாரோடு பழகுதல், வினாவுதல், வினாவியதற்கு விடை கூறுதல் ஆகியவற்றை வைத்துள்ளார். சட்டக் கல்லூரிக்கு இதனினும் சிறந்த கால அட்டவணை எனக்குத் தெரியவில்லை. அன்றைய பாடத்தை அன்றிரவே சுருக்குங்கள். மூவர் நால்வராய்க் கூடி, ஒருவர் வாதியாகவும் ஒருவர் பிரதிவாதியாகவும் வழக்காடுங்கள். வாரம் ஒரு பழைய வினாவைக் கடிகாரத்தை வைத்து எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள். எழுபது விழுக்காடு வருகை பார் கவுன்சில் விதி. ஆனால் விதிக்காக மட்டும் வகுப்பில் அமராதீர்கள்.

தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு ஒரு சொல். ஆங்கிலத் தீர்ப்பைக் கண்டு அஞ்ச வேண்டா. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பல தமிழாக்கம் பெற்று நீதிமன்ற இணையதளத்தில் கிடைக்கின்றன. தமிழில் படித்துப் பொருளை உணர்ந்தபின் ஆங்கில மூலத்தைப் படியுங்கள். நாளுக்கு ஐந்து சட்டச் சொற்களைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். என் மருமகளின் குறிப்பேடு இப்பொழுது மூன்றாவது.

அவள் அவ்விரு தாள்களையும் அடுத்த முறை எழுதினாள். ஒன்றில் நல்ல மதிப்பெண்; மற்றொன்றில் தேர்ச்சி மட்டுமே. முதலிடம் இன்னும் வரவில்லை. ஆனால் சென்ற மாதம் நிலக் குத்தகைப் பத்திரம் ஒன்றைத் தம்பி அவளிடம் நீட்டி, "இதில் கையெழுத்துப் போடலாமா, பார்த்துச் சொல்லம்மா" என்றான். அவள் ஒவ்வொரு வரியாகப் படித்து, ஒரு நிபந்தனையைச் சுட்டி, "இதைத் திருத்திய பிறகு போடலாம் அப்பா" என்றாள். திருத்திய பின்னரே அவன் கையெழுத்திட்டான்.

பெற்றோரே, ஒரு பருவத்தின் மதிப்பெண்ணைக் கொண்டு பிள்ளைகளை ஊருக்கு அழைத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் எவ்வாறு படிக்கிறார்கள் என்று அருகில் அமர்ந்து ஒருமுறை பாருங்கள். பிள்ளைகளே, தோல்வியை வீட்டில் மறைக்காதீர்கள். சொன்னதனால்தான் அவளுக்கு வழி பிறந்தது.