இரட்டை இலை, சேவல், புறா: ஒரு கட்சி சேர்ந்து நிற்க யார் எதை விடணும்?

தேர்தல் பக்கத்துல வந்தா எல்லாக் கட்சி மேடையிலயும் ரெண்டு வார்த்தை கேட்கும்: ஒற்றுமை, விசுவாசம். தலைவர்கள் கையைக் கோத்துத் தூக்கிப் பிடிப்பாங்க, கேமரா மின்னும், முடிஞ்சது. ஆனா ஒரு கட்சி நிஜமாவே ஒண்ணா நிற்கணும்னா அந்த போட்டோவுக்குப் பின்னாடி யாராவது ஒருத்தர் எதையாவது விட்டாகணும். அந்தக் கணக்கை ஒரே ஒரு கட்சியை வெச்சு இன்னிக்குப் பேசலாம். அ.தி.மு.க. அந்தக் கட்சியைப் பிடிக்கிறவங்க, பிடிக்காதவங்க எல்லாருமே கொஞ்சம் பொறுமையா கேளுங்க. இது ஓட்டுக் கேட்கிற எபிசோடும் இல்ல, திட்டுற எபிசோடும் இல்ல.

1987 டிசம்பர் 24. எம்.ஜி.ஆர். காலமாகிறார். முதல்வர் பதவியில இருக்கும்போதே மரணம். தனக்கு அடுத்து யாருன்னு அவர் தெளிவா சொல்லி வைக்கல. கட்சியில ஒரு பகுதி அவர் மனைவி வி.என்.ஜானகி பக்கம் நின்னுச்சு. இன்னொரு பகுதி ஜெயலலிதா பக்கம். 1988 ஜனவரி 7-ஆம் தேதி ஜானகி முதல்வர் ஆனாங்க. 28-ஆம் தேதி சட்டமன்றத்துல நம்பிக்கை வாக்கெடுப்பு. அன்னிக்கு உள்ளே அடிதடி, போலீஸே அவைக்குள்ள வந்துச்சு. 30-ஆம் தேதி ஆட்சியைக் கலைச்சுட்டாங்க. பத்து வருஷம் ஆண்ட கட்சி, தலைவர் போன அஞ்சாறு வாரத்துல ஆட்சியை இழந்துடுச்சு.

அடுத்த இழப்பு சின்னம். நம்ம நாட்டுல ஒரு கட்சி ரெண்டா உடைஞ்சா, எது உண்மையான கட்சின்னு தீர்மானிக்கிற வேலை தேர்தல் ஆணையத்தோடது. 1968-ல வந்த சின்னங்கள் ஆணையில 15-ஆவது பத்தி அதுக்காகவே இருக்கு. எம்.எல்.ஏ., எம்.பி.க்கள் யார் பக்கம், கட்சி நிர்வாகிகள் யார் பக்கம்னு எண்ணிப் பார்ப்பாங்க. முடிவு வர்ற வரைக்கும் சின்னத்தை முடக்கி வைக்கலாம். அப்படித்தான் இரட்டை இலை முடங்கிச்சு. ஜெயலலிதா அணிக்கு சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா.

இந்த இடத்துல கொஞ்சம் நிற்கணும். 1973 திண்டுக்கல் இடைத்தேர்தல்ல இருந்து இரட்டை இலைக்காக வேலை செஞ்ச ஒரு கிளைச் செயலாளரை நினைச்சுப் பாருங்க. அப்போ இன்ஸ்டாகிராம் கிடையாது, சுவர்தான் எல்லாம். ராத்திரி சுண்ணாம்பு அடிச்சு, காலையில இலை வரைஞ்சவர். பதினஞ்சு வருஷமா ஊருக்கு அவர் சொன்ன ஒரே வாக்கியம் 'இலையைப் பார்த்துக் குத்துங்க'. இப்போ அவர் சேவல் வரையணும், எதிர்த் தெருவுல அவரோட கூட்டாளி புறா வரையணும். சென்னையில யார் யாரோட பேசலன்னு இவங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. ஆனா டீக்கடையில முகம் திருப்பிக்கிறது இவங்கதான். கட்சி உடையும்போது தலைவர்களுக்கு ஏதோ ஒரு பதவியாவது மிஞ்சும். தொண்டருக்கு மிஞ்சுறது என்ன?

1989 ஜனவரி தேர்தல் முடிவு தெரிஞ்சதுதான். சேவலுக்கு 27 இடம், புறாவுக்கு 2. போடிநாயக்கனூர்ல ஜெயலலிதா ஜெயிச்சாங்க. பக்கத்துலயே ஆண்டிபட்டியில ஜானகி தோத்தாங்க. அது எம்.ஜி.ஆர். ஜெயிச்ச தொகுதி. தி.மு.க. 13 வருஷத்துக்கு அப்புறம் ஆட்சிக்கு வந்துச்சு.

சரி, பிரிஞ்சதாலதான் தோத்தாங்களா? பலர் அப்படித்தான் சொல்றாங்க. ஆனா கணக்கு அவ்வளவு சுலபம் இல்ல. சேவல் சுமார் 21 சதவீதம், புறா சுமார் 9. கூட்டினா 30. தி.மு.க. வாங்கினது 33 பக்கம். அதாவது சேர்த்துக் கூட்டினாலும் முந்தல. காங்கிரஸ் வேற தனியா நின்னுச்சு. ஆனா ஒண்ணா நிற்கிற கட்சிக்கு வர்ற ஓட்டு ரெண்டு துண்டோட கூட்டுத்தொகை இல்ல, அது வேற எண். வீட்டுக்குள்ள சண்டை போடுறவங்களுக்கு எதுக்கு ஓட்டுன்னு ஒதுங்கினவங்க எந்தக் கணக்குலயும் வரமாட்டாங்க.

அதுக்கு ஆதாரம் ரெண்டே மாசத்துல வந்துச்சு. தோல்விக்கு அப்புறம் ஜானகி அரசியல்ல இருந்து ஒதுங்கினாங்க. அணிகள் இணைஞ்சுது, இரட்டை இலை திரும்பக் கிடைச்சுது. மார்ச்சுல மருங்காபுரி, மதுரை கிழக்கு ரெண்டு தொகுதிக்குத் தேர்தல். ரெண்டுலயும் அ.தி.மு.க.தான். ஆட்சியில தி.மு.க. இருக்கும்போதே! அதே வருஷக் கடைசியில மக்களவைத் தேர்தல். காங்கிரஸோட கூட்டணி, தமிழ்நாட்டோட 39-ல 38.

நம்ம அரசியல் வரலாற்றுல ஜானகிக்கு உரிய இடம் கிடைக்கலன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு எண்ணம். பெரும்பாலும் 'சில நாள் முதல்வர்'னு பொது அறிவு வினா-விடையில ஒரு வரி. தோத்தவங்க, ஒதுங்கித்தானே ஆகணும்னு நீங்க கேட்கலாம். தோத்தவங்க எத்தனை பேர் ஒதுங்கியிருக்காங்க, சொல்லுங்க? ராயப்பேட்டை அவ்வை சண்முகம் சாலையில இருக்கிற கட்சித் தலைமை அலுவலகமே அவங்க கொடுத்த கட்டடம். அவங்க நினைச்சிருந்தா கோர்ட், கேஸுன்னு இன்னும் பத்து வருஷம் இழுத்திருக்கலாம்.

ஆனா அந்த இணைப்புல ஒரு ஓட்டை இருந்துச்சு. யார் தலைவர்ங்கிற கேள்விக்குத்தான் பதில் கிடைச்சுது. அடுத்த தடவை கருத்து வேறுபாடு வந்தா எங்கே பேசறது, எப்படித் தீர்க்கிறதுன்னு எதுவும் உருவாகல. கட்சிக்குள்ள யாரும் எதிர்த்துப் பேசாத காலம் வந்துச்சு. அந்த அமைதியை ஒற்றுமைன்னு வெளியில நினைச்சுக்கிட்டோம். கட்சிக்காரங்களும் அப்படித்தான் நினைச்சாங்க.

2016 டிசம்பர் 5-ஆம் தேதி ஜெயலலிதா மறைஞ்சாங்க. மறுபடியும் முதல்வர் பதவியில இருக்கும்போதே, மறுபடியும் அடுத்தது யாருன்னு சொல்லாம. மறுபடியும் சட்டமன்றத்துல நம்பிக்கை வாக்கெடுப்பு, ரகளை. மறுபடியும் இலை முடக்கம். இந்தத் தடவை தொப்பியும் மின்கம்பமும். 29 வருஷத்துல கட்சி இதுல இருந்து ஒண்ணுமே கத்துக்கலையான்னு தோணுது இல்ல?

2017 ஆகஸ்டுல எடப்பாடி பழனிசாமியும் ஓ.பன்னீர்செல்வமும் சேர்ந்தாங்க. கை கோத்த போட்டோ வந்துச்சு. ஆனா ரெண்டு பேருமே எதையும் முழுசா விடல. ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர்னு நாற்காலியைப் பங்கு போட்டாங்க. அஞ்சு வருஷம்கூடத் தாங்கல. 2022 ஜூலை 11-ஆம் தேதி வானகரத்துல பொதுக்குழு நடக்குது. அதே நேரத்துல ஜானகி கொடுத்த அந்தக் கட்டடத்து வாசல்ல ரெண்டு தரப்பும் மோதுறாங்க. அதிகாரிகள் வந்து கட்சி ஆபீஸுக்கே சீல் வெச்சாங்க. 2024-ல ஓ.பி.எஸ். ராமநாதபுரத்துல சுயேச்சையா பலாப்பழம் சின்னத்துல நின்னார். அதே பேர்ல இன்னும் சில பன்னீர்செல்வங்களும் வாக்குச்சீட்டுல இருந்தாங்க. அவர் தோத்தார். மாநிலம் முழுக்க இரட்டை இலைக்கும் ஒரு இடம்கூடக் கிடைக்கல.

விசுவாசம்ங்கிற வார்த்தைக்கு இங்கேதான் வர்றேன். எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கினப்போ, பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் எல்லாரும் நேரடியா ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கணும்னு விதி வெச்சார். சுவர்ல இலை வரைஞ்ச அந்தக் கிளைச் செயலாளருக்கும் ஒரு ஓட்டு. அந்த விதி இன்னும் காகிதத்துல இருக்கு. ஆனா 2022 பொதுக்குழுவுல ஒரு நிபந்தனை சேர்த்தாங்க. போட்டியிடுறவரைப் பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழியணும், இன்னும் பத்து பேர் வழிமொழியணும். 2023 மார்ச்சுல எடப்பாடி போட்டியே இல்லாம தேர்வானார். ஓட்டு இருக்கு, ஆனா போட வேண்டிய நாள் வரவே இல்ல. அப்போ அந்தத் தொண்டர்கிட்ட கேட்கிற விசுவாசம் யாருக்கு? விதிக்கா, நாற்காலியில இருக்கிறவருக்கா?

2025 செப்டம்பர்ல கோபிச்செட்டிபாளையத்துல செங்கோட்டையன், பிரிஞ்சவங்களை எல்லாம் பத்து நாளுக்குள்ள சேர்க்கணும்னு வெளிப்படையா பேசினார். 1977-ல இருந்து எம்.எல்.ஏ.வா ஜெயிச்சு வந்தவர். மறுநாளே கட்சிப் பதவிகள் போச்சு, அடுத்த மாசக் கடைசியில கட்சியில இருந்தே நீக்கிட்டாங்க. அவருக்குன்னு சொந்தக் கணக்கு இருந்திருக்கலாம், நான் மறுக்கல. தலைமைக்குக் கெடு வெச்சுப் பேசினா எந்தக் கட்சியும் சும்மா இருக்காதுங்கிறதும் சரிதான். ஆனா அதை உள்ளே பேச ஒரு இடம் இருந்திருந்தா, அவர் எதுக்கு மைக் முன்னாடி வரணும்?

அந்த 15-ஆவது பத்தியை வெச்சு சிவசேனாவுல என்ன நடந்துச்சுன்னு அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.