சந்திக்குக் காது இருந்தால்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவில் வீதிச் சமிக்ஞை விளக்கைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும், "வேறு விடயம் இல்லையா?" என்று சிலர் கேட்டார்கள். ஆனால் நாம் எல்லோரும் கற்ற முதற்பாடம் வகுப்பறையில் நடந்ததல்ல. அது பாடசாலை வாசலில் நடந்தது. இருவர் இருவராகக் கைகோத்து வீதியைக் கடக்கும் பாடம் அது. வெள்ளவத்தையில் காலி வீதியைக் கடந்தவர்களும், கொட்டாஞ்சேனையில் கொள்கலன் லொறிகளுக்கு ஒதுங்கி நடந்தவர்களும், 155ஆம் இலக்க பஸ்ஸில் நகரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். அந்தப் பாடத்தை மறந்தவர்கள் இருக்க முடியாது.

அன்று சந்தியில் நின்ற பொலிஸ்காரர் எம்மைப் பார்த்தார். வெள்ளைச் சீருடை வரிசையைக் கண்டால் கையை உயர்த்தி வாகனங்களை மறித்தார். தடியூன்றி வரும் பாட்டியைக் கண்டால் இன்னும் சற்று நேரம் மறித்தார். அம்புலன்ஸ் ஒலி கேட்டால் எல்லாவற்றையும் நிறுத்தி வழிவிட்டார். அவருக்குக் கண்ணும் காதும் இருந்தன. அவருடைய இடத்துக்கு வந்த விளக்குக்கு அவை இல்லை. எவர் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த செக்கன்களை எண்ணி நிறம் மாறுவதே சாதாரண விளக்கின் வேலை. நெரிசல் மிகுந்த வேளைகளில் இன்றும் விளக்கை விட்டுப் பொலிசார் கைகளால் வழிவிடுவதைக் கொழும்பில் காண்கிறோம். விளக்குக்கு எது குறைவு என்பதை அதுவே சொல்கிறது.

அந்தக் குறையைத் தீர்க்கும் முயற்சி நீண்ட காலமாக நடக்கிறது. ரொறன்ரோவில் வாழும் சகோதரிகளுக்கு ஒரு செய்தி: சமிக்ஞை விளக்குகளைக் கணினியால் இயக்குவதில் உலகுக்கு வழிகாட்டியது உங்கள் நகரம்தான். 1963இலேயே அங்கு அந்த வேலை தொடங்கியது. பின்னர் வாகனங்களை எண்ணுவதற்கு வீதிக்கு அடியில் கம்பிச் சுருள்களைப் புதைத்தார்கள், கமராக்களைப் பொருத்தினார்கள். இவை விளக்குக்குக் கிடைத்த கண்கள். இப்போது பேசப்படும் இணைப்பு வாகனத் தொடர்பாடல் விளக்குக்குக் காதையும் வாயையும் கொடுக்கிறது.

அது இயங்கும் விதம் எளிமையானது. வாகனத்தில் ஒரு சிறு வானொலிக் கருவி இருக்கும். தான் எங்கே நிற்கிறேன், எவ்வளவு வேகத்தில் எத்திசையில் போகிறேன், பிரேக் பிடித்திருக்கிறேனா என்பதை அது செக்கனுக்கு 10 தடவை அறிவிக்கும். சந்தியில் விளக்குக் கம்பத்தில் இன்னொரு கருவி இருக்கும். எந்தப் பக்கம் இப்போது பச்சை, அது மாற இன்னும் எத்தனை செக்கன், சந்தியின் ஒழுங்கைகள் எவ்வாறு அமைந்துள்ளன என்பவற்றை அது அறிவிக்கும். முந்நூறு மீற்றர் தொலைவிலேயே இரண்டும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளலாம். வளைவோ, முன்னால் நிற்கும் லொறியோ பார்வையை மறைத்தாலும் பெரும்பாலும் செய்தி போய்ச் சேரும்.

இது வெறும் கனவல்ல. 2012இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் ஏறத்தாழ 3000 வாகனங்களைக் கொண்டு இது பரீட்சிக்கப்பட்டது. ஜப்பானில் 2015 முதல் இவ்வசதியுடைய கார்கள் விற்பனைக்கு வந்தன. வலப்பக்கம் திரும்பும்போது எதிரே வரும் வாகனத்தைப் பற்றியும், அருகில் வரும் அம்புலன்ஸைப் பற்றியும் அவை சாரதியை எச்சரிக்கின்றன.

அப்படியானால் கொழும்பிலுள்ள எல்லா வாகனங்களுக்கும் ஒவ்வொரு கருவி பூட்டிவிடலாமா? இங்கேதான் பாடசாலையில் படித்த கணிதம் கைகொடுக்கிறது. நூறு வாகனங்களில் பத்தில் கருவி இருப்பதாகக் கொள்வோம். சந்தியில் மோதப்போகும் இரண்டு வாகனங்களிலும் அது இருப்பதற்கான வாய்ப்பு பத்தில் ஒன்றின் பத்தில் ஒன்று, அதாவது நூற்றில் ஒன்றுதான். வாகனமும் வாகனமும் பேசி விபத்தைத் தவிர்க்க வேண்டுமானால், அநேகமாக எல்லா வாகனங்களிலும் அது இருக்கவேண்டும். பழைய பஸ்களும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட முச்சக்கர வண்டிகளும் ஓடும் நாட்டில் அதற்கு நெடுங்காலம் எடுக்கும்.

ஆனால் வாகனம் சந்தியுடன் பேசுவது அப்படியல்ல. சந்தியில் ஒரு கருவி, அம்புலன்ஸில் ஒரு கருவி இருந்தால் முதல் நாளே பயன் கிடைக்கும். மற்ற எவரிடமும் எதுவும் இருக்கவேண்டியதில்லை.

ஆகவே நாம் இங்கே சொல்ல விரும்புவது ஒன்றுதான். சந்திக்குக் காது வைப்பதென்றால், அது முதலில் யாருடைய குரலைக் கேட்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டு வைக்க வேண்டும்.

முதலாவது, அம்புலன்ஸ். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் வரும் சுவசெரிய சேவை 2016இல் இந்திய அரசின் நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் 88 அம்புலன்ஸ்களோடு ஆரம்பமாகி, பின்னர் நாடு முழுவதும் பரவியது. அந்த வண்டிக்குள் எம்மில் ஒருவருடைய தாயார் படுத்திருக்கலாம். சாரதி எத்தனை திறமைசாலியானாலும், சிவப்பு விளக்கின் முன் நிற்கும் வரிசை ஒதுங்க இடமில்லாவிட்டால் அவரால் என்ன செய்ய முடியும்? சந்தி முன்கூட்டியே அறிந்து அந்த வரிசைக்குப் பச்சை கொடுத்தால், வண்டி வந்து சேரும்போது பாதை திறந்திருக்கும்.

இரண்டாவது, பஸ். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சோல்ட் லேக் நகரின் ஒரு வீதியில் 2017இல் இதைச் செய்தார்கள். நேரம் பிந்திய பஸ் மட்டும் விளக்கிடம் சில செக்கன்கள் கேட்கும். நேரத்துக்கு ஓடும் பஸ் கேட்காது. அறுபது பேர் இருக்கும் பஸ்ஸும் ஒருவர் இருக்கும் காரும் சந்தியில் சமமல்ல என்ற நியாயம் அதில் இருக்கிறது.

மூன்றாவது, நடப்பவர். கருவி பூட்டப் பாதசாரியிடம் வாகனம் இல்லை. அதனால்தான் அவரை மறந்துவிடும் ஆபத்து அதிகம். பதினான்கு மீற்றர் அகலமான வீதியை எடுத்துக்கொள்வோம். செக்கனுக்கு 1.2 மீற்றர் நடப்பவருக்கு ஏறத்தாழ 12 செக்கன்கள் போதும். முழங்கால் வலியோடு 0.8 மீற்றர் நடப்பவருக்கு பதினேழரைச் செக்கன்கள் வேண்டும். அந்த ஐந்தாறு செக்கன்கள்தான் ஒரு வயோதிபத் தாய் கடைக்கோ கோயிலுக்கோ தனியே போய்வருவதையும், வீட்டுக்குள்ளேயே முடங்குவதையும் தீர்மானிக்கின்றன. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்க, வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் தனியே வாழும் அம்மாமாரை நாம் அறிவோம். எம்மில் பலர் இப்போது அவர்களேதான்.

சிங்கப்பூர் 2009இல் இதற்கு ஓர் எளிய வழியைத் தொடங்கியது. முதியவர் தமது அட்டையைக் கம்பத்திலுள்ள பெட்டியில் தொட்டால் பச்சை மனிதன் கூடுதலான நேரம் நிற்பான். நியூயோர்க் நகரில் இணைப்பு வாகனப் பரீட்சார்த்தத்தின்போது, பார்வையற்றோர் சந்தியைக் கடக்க உதவும் கைத்தொலைபேசிச் செயலியையும் சேர்த்துக்கொண்டார்கள். கேட்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் நடப்பவரின் குரலையும் சந்தி கேட்கும்.

அவசரப்படவும் கூடாது. அமெரிக்கா 1999இல் இத்தேவைக்கென 75 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையை ஒதுக்கியது. 2020இல் அதை 30ஆகக் குறைத்து, வானொலி முறையையும் மாற்றத் தீர்மானித்தது. பழைய முறைக் கருவிகளைப் பொருத்தியிருந்த நகரங்களுக்கு அவை வீண்சுமையாயின. பெரிய நாடு தாங்கிக்கொள்ளும். 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற எம்மால் அப்படி ஒரு தவறைத் தாங்க முடியாது. எனவே எமது நகரில் ஒரு வீதி, அதில் சில சந்திகள், சில அம்புலன்ஸ்கள் என்று தொடங்குவதே புத்தி. சந்தியின் வரைபடத்தை ஒழுங்கைக்கு ஒழுங்கை சரியாக அளக்க வேண்டும். நெருக்கமான கட்டடங்களுக்கிடையே செய்மதி காட்டும் இடம் சில மீற்றர்கள் பிசகலாம் என்பதைக் கணக்கிலெடுக்க வேண்டும். மின்சாரம் நின்றாலும் விளக்கு உயிரோடு இருக்க வேண்டும். அம்புலன்ஸ் என்று பொய் சொல்லி எவரும் பச்சை வாங்கிவிடாதபடி ஒவ்வொரு செய்திக்கும் இலத்திரனியல் கையொப்பம் வேண்டும். யார் பச்சை கேட்டாலும், ஏற்கெனவே கடந்துகொண்டிருக்கும் பாதசாரியின் செக்கன்களை வெட்டக்கூடாது என்பது மாறாத விதியாக இருக்க வேண்டும்.

இதிலே எமது சங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். எம்மிடையே பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். வைத்தியர்கள் இருக்கிறார்கள். இந்தத் தொழில்நுட்பம் நடைமுறைக்கு வந்த நகரங்களில் வாழ்வோரும் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் ஊரில் எது சரிவந்தது, எது பிழைத்தது என்று எழுதி அனுப்பலாம். இங்குள்ள நாம் அதைவிட எளிய ஒன்றைச் செய்யலாம். பாடசாலைக்கு அருகிலுள்ள கடவையில் ஒரு வாரம் நின்று பச்சை மனிதன் எத்தனை செக்கன்கள் நிற்கிறான், ஒரு பாட்டி கடக்க எத்தனை செக்கன்கள் எடுக்கிறார், முதலாம் வகுப்புப் பிள்ளை எத்தனை எடுக்கிறது என்று குறித்துக்கொள்ளலாம். இதற்குக் கொப்பியும் கைக்கடிகாரமும் போதும். அந்தக் கணக்கை உரியவர்களிடம் மரியாதையோடு கையளித்தால், நாளை ஒரு திட்டம் வரும்போது பாதசாரியின் பக்கமும் அதில் ஓர் எண் இருக்கும்.

எமது ஆசிரியைகள் வரிசையின் முன்னால் நின்று எம்மைக் கடத்திவிடவில்லை. கடைசிப் பிள்ளை கடந்துவிட்டதா என்று பின்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் அவர்கள் வீதியில் இறங்கினார்கள். எவ்வளவு புதிய கருவி வந்தாலும், சந்திக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியது அதைத்தான்.